துரை பார்த்துக்கொள்வார்

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஹேகன் ஊரில் ரயில்வே கேட் விழுந்தது. மணி அடித்தது, சிவப்பு விளக்குகள் மாறி மாறிக் கண் சிமிட்டின, வண்டிகள் ஒழுங்காக வரிசை கட்டி நின்றன. ரயில் மட்டும் வரவில்லை.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ரயில் வருகிறதா இல்லையா என்று யாரும் குழம்ப வழியே கிடையாது. மலை இல்லை, மரம் இல்லை, வளைவு இல்லை. மேற்கே பார்த்தால் வானம் தரையில் முட்டும் இடம்வரை இரண்டு தண்டவாளம். கிழக்கே பார்த்தாலும் அதேதான். ரயில் முதலில் ஒரு புள்ளியாகத் தெரியும், அப்புறம் வெளிச்சமாகும், ஒருவர் ஒரு கோப்பைக் காபியை நிதானமாகக் குடித்து முடித்த பிறகுதான் சத்தமே கேட்கும். அன்றைக்கு இரண்டு பக்கமும் புள்ளிகூட இல்லை.

வரிசையில் நாலாவது வண்டியில் வெர்னா ஸ்கோக்லண்ட் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்டு ஊர்ப் பெண்களுக்கு முடி திருத்துகிறவள். அறுபது தாண்டியாயிற்று. பக்கத்து வண்டிக்காரர் ஜன்னலை இறக்கி, "ஒண்ணையும் காணோமே" என்றபோது, வெர்னா சொன்ன பதில் அந்த ஊரே சொல்லியிருக்கக்கூடிய பதில்தான்.

"காரணம் இல்லாம போட்டிருக்க மாட்டாங்க."

அவள் ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கேட்டின் மணி துருப்பிடித்துக் கிடந்த ஒரு பனிக்காலத்தில், பால் வண்டி ஓட்டிய ரோஜர் ஹெக்டால் அந்தத் தண்டவாளத்தில்தான் செத்துப்போனார். சவ அடக்கத்துக்குப் போக அவர் மனைவிக்குத் தலைவாரி விட்டவள் வெர்னா. அதற்குப் பிறகுதான் ரயில் கம்பெனி புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கேமரா, தரைக்கடியில் உணர்விகள், எங்கோ தூரத்தில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து முடிவெடுக்கும் ஒரு கணினி. ரயிலைக் கண்டுபிடிப்பதும் அதுதான், கேட்டைப் போடுவதும் அதுதான், தூக்குவதும் அதுதான். கம்பெனி அதற்கு ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளப் பெயர் வைத்திருந்தது. ஊர்க்காரர்கள் 'துரை' என்றார்கள். எல்லாம் தெரிந்தவர், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவர் என்று தபால் ஆபீசில் யாரோ கேலியாக வைத்த பெயர். கொஞ்ச நாளில் கேலி உதிர்ந்துவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. துரை வந்த பிறகு அந்த கேட்டில் ஒரு பூனைகூட அடிபடவில்லை. அந்த நம்பிக்கையில்தான், ஊரில் இருந்த மற்ற இரண்டு கேட்டுகளையும் கம்பெனி மண் போட்டு மூடியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புத்திசாலி கேட் ஒன்று இருக்கும்போது முட்டாள் கேட் இரண்டு எதற்கு என்று கம்பெனிக்காரர் கூட்டத்தில் கேட்டார். வெர்னா கை தட்டினாள்.

சாயங்காலமாகியும் கேட் எழும்பவில்லை. கேட் கம்பத்தில் எழுதியிருந்த எண்ணுக்கு ஊர்மன்றத்தார் போன் செய்தார்கள். ரயில் நெருங்கிக்கொண்டிருக்கிறது, பொறுமைக்கு நன்றி என்று ஒரு இனிமையான குரல் சொன்னது. மறுநாளும் அதே குரல், அதே நன்றி. மூன்றாவது நாள் ஒருவழியாக மனிதர் ஒருவர் கிடைத்தார். எங்கள் கண்ணுக்கு ரயிலே தெரியவில்லையே என்றதற்கு அவர் பெருமையாகச் சொன்ன பதில் ஊர் முழுக்கப் பரவியது: "நீங்க பார்க்க முடியாத ரயிலையே அது பார்த்திடுச்சுன்னா, எவ்வளவு முன்கூட்டி எச்சரிக்குது பாருங்க."

பலருக்கு இது நியாயமாகவே பட்டது.

விழுந்த கேட்டுக்கு அடியில் குனிந்து போனாலும் குற்றம். கேமரா படம் பிடிக்கும், அபராதம் வரும், அதோடு ஒரு வகுப்புக்கும் போக வேண்டும். போலீஸ்காரரான டெப்டி ஷெரிஃப் வேட் குன்ஸ் தன் வண்டியைக் கேட்டோரம் போட்டுக்கொண்டு காவலுக்கு நின்றார். அடுத்த ஊர் வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால் அந்தப் பாதையை வசந்தகால வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. துரை எப்போதாவது மனமிரங்கிக் கொஞ்ச நேரம் கேட்டைத் தூக்குவார். ஊர் அப்படியே அள்ளிக்கொண்டு ஓடும். மறுபடி விழுந்துவிடும்.

வடக்கே வீடுகள், தெற்கே பள்ளிக்கூடம், சர்ச், மளிகைக் கடை, ஆஸ்பத்திரி. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. ஆள்தான் தாண்டக்கூடாது, சாமான் தாண்டலாம் என்று வேட் சட்டத்தை நன்றாகப் படித்துச் சொன்னார். ரொட்டி, முட்டை, மாத்திரைப் பட்டை எல்லாம் தண்டவாளத்துக்கு மேலே பறந்தன. முட்டையை எறிவதை மட்டும் இரண்டாம் நாளோடு விட்டுவிட்டார்கள். பாதிரியார் டேல் ரூஸ்டாட் தெற்குப் பக்கம் நின்று ஒலிபெருக்கியில் பிரசங்கம் செய்தார், வடக்குப் பக்கத்தார் காரில் உட்கார்ந்தபடி கேட்டு, ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் விளக்கைப் போட்டு அணைத்தார்கள். சனிக்கிழமை ஒரு கல்யாணம். மணப்பெண் வடக்கே, மாப்பிள்ளை தெற்கே. தோழன் வீசிய மோதிரம் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் விழுந்தது. அதை எடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. இவர்கள் பெரும்பாலும் கணவன் மனைவி என்று பாதிரியார் அறிவித்தார்.

இதற்கிடையே சிலருக்கு ரயில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வெர்னாவிடம் முடி வெட்டிக்கொள்ள வந்த ஒருத்தி, ராத்திரி படுக்கையில் அதிர்வு தெரிகிறது என்றாள். இன்னொருத்தி தனக்கும் தெரிகிறது என்றாள். கத்தரியை நிறுத்திவிட்டு வெர்னாவும் காது கொடுத்துப் பார்த்தாள். ஏதோ கேட்பதுபோலத்தான் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை காலை, வெர்னாவின் கணவர் ஆர்லன் ஓட்ஸ் கஞ்சியில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார். கரண்டி கையிலிருந்து நழுவியது. அதை எடுக்காமல் வெர்னாவைப் பார்த்து ஏதோ சொன்னார். அது வார்த்தையாக வரவில்லை. வாயின் வலது ஓரம் கீழே தொங்கிவிட்டிருந்தது.

ஆம்புலன்ஸ் நல்லவேளையாக வடக்குப் பக்கம்தான் மாட்டிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவன் கோடி மெட்ஸ்கர். டயர் கடைக்காரன், அவசரத்துக்கு ஆம்புலன்சும் ஓட்டுவான். போன் வைத்த கையோடு வந்துவிட்டான். ஆர்லனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியின் கூரை அங்கிருந்தே தெரிந்தது.

கேட் போட்டிருந்தது.

வெர்னா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மேற்கே ஒன்றும் இல்லை. கிழக்கே ஒன்றும் இல்லை. தண்டவாளத்தை ஒட்டித் தேங்கிய வெள்ளத்தில் பனி வாத்துகள் ஆயிரக்கணக்கில் மிதந்துகொண்டும், சில மேட்டில் ஏறி தண்டவாளத்தின்மீது வெயில் காய்ந்துகொண்டும் இருந்தன.

வேட் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். கேட்டைத் தூக்க முடியுமா என்று கோடி கேட்டதற்கு, தனக்கு அந்த அதிகாரம் இல்லை, விசாரித்துப் பார்க்கிறேன் என்று போனை எடுத்தார். நோயாளி தண்டவாளத்தின் மேல் இருக்கிறாரா என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். இல்லை என்றார் வேட். அப்படியானால் அவர் பாதுகாப்பாகத்தான் இருக்கிறார் என்று பதில் வந்தது.

கோடி பின்பக்கம் திரும்பினான். அவன் முகம் வெளுத்திருந்தது. "வெர்னா, லைசென்ஸ் போகும். பரவாயில்ல. நீங்க போன்னு சொன்னா போயிடறேன்."

வெர்னா மறுபடி இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்புறம் சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

"பொறு கோடி," என்றாள். "காரணம் இல்லாம போட்டிருக்க மாட்டாங்க."

பொறுத்தார்கள். ஆர்லனின் இடது கை அவள் ஸ்வெட்டர் முனையைப் பிடித்து, முன்பக்கம், ஓட்டுநர் இருக்கைப் பக்கம் இழுத்தது. விட்டது, மறுபடி இழுத்தது. அவள் அந்தக் கையைத் தடவிக் கொடுத்து, "இதோ வந்துடும், இப்ப வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னது ரயிலை. அரை மணிக்கு மேல் போயிருக்கும். ஒரு வாத்து கேட்டுக்கு அடியில் நுழைந்து, தண்டவாளத்தை நிதானமாகத் தாண்டி, அந்தப் பக்கம் போய் நின்று இறக்கையை உதறியது.

அதைப் பார்த்த கணத்தில் வெர்னா எழுந்தாள். ஆம்புலன்சின் பின்கதவைத் திறந்து குதித்தாள். கேட்டுக் கட்டைக்கு அடியில் தோளைக் கொடுத்து நிமிர்ந்தாள். மேலே எங்கோ இரும்பு முறியும் சத்தம் கேட்டது. வேட் தன் பூட்சைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். "போடா!" என்று கத்தினாள் வெர்னா. கோடி போனான். கேமரா அவளைப் படம் பிடித்தது, முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

ஆர்லன் பிழைத்தார். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. எல்லாம் புரியும், ஒன்றும் சொல்ல வராது. இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் வெர்னாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

வெர்னாவுக்கு வகுப்பு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. கூட இருந்தவர்கள் மோதிரத்தை எடுக்கப் போன மாப்பிள்ளை, கோடி, இன்னும் மூன்று நாலு பேர். நடத்த வந்தவள் மினியாபோலிசிலிருந்து வந்த பெய்ஜ் லிண்ட்ஹோம், கம்பெனியின் நம்பிக்கை வளர்ப்புப் பிரிவு அதிகாரி. சாந்தமான பெண். யார் எது சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பாள்.

"இங்க யாரும் குற்றவாளி இல்லை," என்று ஆரம்பித்தாள். "உங்களுக்கு இருக்கிறது நம்பிக்கைக் குறைபாடு. இரும்புச்சத்துக் குறைபாடு மாதிரிதான். சரி பண்ணிடலாம்."

திரையில் ஒரு படம் காட்டினாள். வெளியே வெயில், கணினி மழை என்கிறது, என்ன செய்வீர்கள்? வானத்தைப் பார்ப்பேன் என்றான் மாப்பிள்ளை. தப்பு. குடை எடுப்பேன் என்றாள் வெர்னா, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக. பெய்ஜுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கண் மிகவும் பழைய கருவி, பல்லாயிரம் வருஷமாக அதில் எந்த முன்னேற்றமும் செய்யப்படவில்லை என்று விளக்கினாள். அடுத்து எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டு, போன் சொல்கிறபடி கூடத்துக்குள் நடக்கச் சொன்னாள். கோடியின் போன் அவனை நேரே சுவரில் கொண்டுபோய் மோதவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு அதிக மதிப்பெண் கொடுத்தாள், கடைசிவரை தயங்கவில்லை என்பதற்காக.

வெர்னா கையைத் தூக்கினாள். "கேட் ஏன் விழுந்துச்சு?"

அது இந்த வகுப்பின் பாடத்தில் இல்லை என்றாலும் சொல்கிறேன் என்று பெய்ஜ் குரலைத் தாழ்த்தினாள். வாத்துகள். தண்டவாளத்தில் கூட்டமாக ஏறி உட்கார்ந்த வாத்துகளைத் துரை ரயில் என்று கணித்துவிட்டது.

கோடி மூக்கிலிருந்து கையை எடுத்தான்.

"ஆனா கவனிங்க," என்றாள் பெய்ஜ். "அது பாதுகாப்பு பக்கம்தானே தப்பு பண்ணியிருக்கு?"

வெர்னாவுக்கு வாயில் எச்சில் ஊறியது. வாந்தி வருவதற்கு முன்னால் ஊறுமே, அது. எழுந்து வெளியே போய் சுவரோரம் நின்றாள். பெய்ஜ் பின்னாலேயே வந்து, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, இனிமேல் வாத்துக்கெல்லாம் விழாதபடி திருத்திவிட்டார்கள் என்று ஆறுதல் சொன்னாள்.

சொன்னது உண்மைதான். கேட் அதற்குப் பிறகு வீணாக விழவில்லை. மே மாதக் கடைசியில் கம்பெனி 'நம்பிக்கை நாள்' கொண்டாடப்போவதாக அறிவிப்பு வந்தது. துணைத்தலைவர் தார்ன்டன் பீல் நேரில் வருகிறார், ஊருக்கே விருந்து. வகுப்பு முடித்தவர்கள் கட்டாயம் வர வேண்டும், அப்போதுதான் வழக்கு தீரும். ஆர்லனையும் அழைத்து வந்தால் கௌரவிப்போம் என்று பெய்ஜ் போனில் சொன்னாள்.

விருந்து நடக்கும் இடத்தைப் பார்த்த பிறகுதான் ஊருக்கு விஷயம் புரிந்தது. கேட்டுக்கு நடுவில், தண்டவாளத்துக்குக் குறுக்கே, வெள்ளைத் துணி விரித்து நீள மேசை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் நாற்காலிகள். மேசையை ஒட்டி, தண்டவாளத்தின் மேலேயே, பீலின் கறுப்புக் காரை அழகுக்காக நிறுத்தியிருந்தார்கள். எதிரே பெரிய திரை. அதில் பச்சை வட்டம், கீழே 'ரயில் இல்லை'.

ஊர்க்காரர்கள் கையில் தட்டுகளோடு தயங்கி நின்றார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தில் சுட்ட ஹாட்டிஷ் கறிக்கலவை, உருளைக்கிழங்கு சாலட், சுருட்டிய லெஃப்ஸா ரொட்டி. ஆனால் அந்த ஊரில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னால் உட்காராமல் இருப்பது மரியாதைக் குறைவு. ஒருவர் உட்கார்ந்தார். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆர்லனின் சக்கர நாற்காலியைப் பெய்ஜே தள்ளிக்கொண்டு போய், எல்லோருக்கும் தெரிகிறமாதிரி கிழக்குப் பக்கம், தண்டவாளத்துக்கு நடுவில், மேற்கே பார்க்க நிறுத்தினாள். வெர்னா பக்கத்தில் நின்றாள். அவளை உட்கார வைக்க முடியவில்லை.

பீல் எழுந்தார். வெள்ளை முடி, நல்ல கனமான குரல்.

"நண்பர்களே, இங்க வர்றதுக்கு முன்னாடி என் காரியதரிசி கேட்டார், ஐயா, இன்னைக்கு எத்தனை மணிக்கு ரயில்னு விசாரிச்சிடட்டுமான்னு. வேண்டாம்னேன். விசாரிச்சிட்டு உட்கார்ந்தா அது நம்பிக்கை இல்லை, கால அட்டவணை."

சிரித்தார்கள். அவர் ஆர்லனைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இதோ இருக்கார் ஆர்லன். அன்னைக்கு நம்ம கேட் இவரை நிறுத்துச்சு. சிலர் அதைக் குறை சொன்னாங்க. நான் ஒண்ணுதான் கேக்கறேன். ஆர்லன் மேல ரயில் மோதிச்சா? மோதலை. இன்னைக்கு நம்ம முன்னாடி உயிரோட உட்கார்ந்திருக்கார். இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா?"

கை தட்டினார்கள். மனதார இல்லை, ஆனாலும் தட்டினார்கள். வெர்னா தன் அக்கம்பக்கத்து முகங்களைப் பார்த்தாள். அவள் முடி வெட்டிவிட்ட தலைகள். ஒன்றுகூட அவளைப் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் அழுக்குத் தண்ணீர் பட்டமாதிரி அவளுக்குக் கூசியது.

அப்போது ஆர்லன் இடது கையால் நாற்காலிப் பிடியைத் தட்டினார். முதலில் மெதுவாக, அப்புறம் பலமாக. கணவரும் கை தட்டுகிறார் என்று நினைத்துக் குனிந்தாள் வெர்னா. அவர் கண் பீலின்மீது இல்லை. அவள் நிமிர்ந்து மேற்கே பார்த்தாள்.

ஒரு புள்ளி. புள்ளிக்கு நடுவில் வெளிச்சம்.

அவள் மட்டும் பார்க்கவில்லை. மேசையில் கிழக்கே உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். எதிர் வரிசை திரும்பிப் பார்த்தது. கரண்டிகள் நின்றன. பிறகு எல்லோரும் ஒன்றாகத் திரையைப் பார்த்தார்கள். பச்சை. கேட் வானத்தைப் பார்த்து நின்றது. மணி அடிக்கவில்லை.

"நல்லது," என்றார் பீல். அவரும் பார்த்துவிட்டார். நெற்றியில் கொஞ்சம் வேர்வை தெரிந்தது, குரல் மட்டும் மாறவில்லை. "ரொம்ப நல்லது. இதைவிட நல்ல பாடம் அமையாது. உங்க கண்ணு ஒண்ணு சொல்லுது, திரை ஒண்ணு சொல்லுது. யாரை நம்பப் போறீங்க?"

"வெளிச்சம் பெருசாகுதுங்களே," என்றார் பாதிரியார் ரூஸ்டாட், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"திரையைப் பாருங்க, பாதிரியாரே."

பாதிரியார் திரையைப் பார்த்தார். முதலில் எழுந்து நிற்கும் ஆளாக இருக்க யாருக்கும் மனம் வரவில்லை. பக்கத்தில் இருப்பவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒவ்வொருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வெர்னா சக்கர நாற்காலியின் பிரேக்கை விடுவித்தாள். நாற்காலியைத் திருப்பி, தண்டவாளத்தில் சக்கரம் மாட்டியபோது முழங்காலால் முட்டித் தள்ளி, ஆர்லனைப் புல்வெளிக்குக் கொண்டுபோனாள். கோடி அவளுக்கு உதவப் போகிறவன்போல எழுந்து பின்னால் போனான். அவனுக்கு உதவப் போகிறவர்போல வேட் போனார். அப்புறம் அந்தச் சாக்கு எல்லோருக்கும் கிடைத்தது. தங்கள் தங்கள் பாத்திரங்களை மறக்காமல் தூக்கிக்கொண்டு, யாரையும் இடிக்காமல், மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார்கள். சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. தூரத்தில் எஞ்சின்காரர் ஊதலை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

மேசையில் பீலும் பெய்ஜும் மட்டும் மிச்சம். பெய்ஜ் திரையைப் பார்த்தாள், மேற்கே பார்த்தாள், காலணிகளைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள். பீல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரயில் இல்லை," என்று ஒலிபெருக்கியில் சொன்னார். "ரயில் இல்லை." நிலம் அதிர்ந்தது. மூன்றாவது முறை சொல்ல வாயைத் திறந்தபோது அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலே கிளம்பிவிட்டன. பள்ளத்துத் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது.

கோதுமை ஏற்றிய சரக்கு ரயில். பிரேக்கைப் போட்டு, சக்கரத்தில் தீப்பொறி பறக்க வந்தும் நிற்க முடியவில்லை. மேசை, நாற்காலிகள், கறுப்புக் கார், திரை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், தானியக் கிடங்குக்கு அந்தப் பக்கம் நின்றது. திரை தூள் ஆகும்வரை பச்சையாகத்தான் இருந்தது.

விசாரணை அதே உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. பீல் தோளில் கட்டோடு வந்திருந்தார். கம்பெனியின் நிபுணர் தெளிவாக எடுத்துச் சொன்னார். வாத்துகளைப் பற்றி ஊர்க்காரர்களே புகார் செய்ததால்தான் துரைக்கு வாத்துகளை அலட்சியம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைக்கு வந்த ரயிலைத் துரை மிகப்பெரிய வாத்துக்கூட்டம் என்று கணித்தது. அதை அலட்சியம் செய்தது. ஆக, கற்றுக்கொடுத்ததைத் துல்லியமாகச் செய்திருக்கிறது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, ஆகவே கேட் விழாதது சரியான முடிவே. ரயில் இல்லை என்று உறுதி செய்யப்பட்ட இடத்துக்கு ரயிலைக் கொண்டுவந்ததற்காக எஞ்சின்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பச்சை இருக்கும்போதே எழுந்துபோனதால் ஹேகன் ஊரின் நம்பிக்கை மதிப்பெண் குறைந்துவிட்டதாகப் பெய்ஜ் வருத்தத்தோடு தெரிவித்தாள். கடைசிவரை இடத்தைவிட்டு நகராத ஒரே அதிகாரி என்று பீலுக்குப் பாராட்டும், பிறகு தலைவர் பதவியும் கிடைத்தன.

வெர்னாவிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். அவள் எழுந்தாள்.

"கேட்டைத் தூக்கினதுக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்றாள். "அதுக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தேனே, அதுதான் தொண்டையில நிக்குது. போகட்டுமான்னு அந்தப் பையன் என்னைக் கேட்டான். ரெண்டு பக்கமும் ஒண்ணும் இல்லன்னு என் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டு, என் புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டு, இருன்னு சொன்னேன். உங்களைப் பார்த்தா எனக்குக் குமட்டுது. அன்னைக்கு என்னை நினைச்சாலும் குமட்டுது."

வகுப்பில் கலந்துகொண்டவர் தன் செயலுக்கு வருத்தம் தெரிவித்தார் என்று எழுதிக்கொண்டார்கள்.

அக்டோபரில் கோதுமை அறுப்பெல்லாம் முடிந்திருந்தது. புதிய கேட் வந்துவிட்டது, பழையதைவிட உயரமான கம்பம், பெரிய திரை. வீணாக விழுவதும் இல்லை, விழ வேண்டியபோது விழாமலும் இல்லை, ஒருவேளை இனி எப்போதும் சரியாகவே இருக்கலாம். ஊர்க்காரர்கள் பச்சையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைக்காமல் தாண்டிப் போனார்கள். ரயிலோடு போன கறுப்புக் காரைப் பற்றி இப்போது சிரிப்பாகப் பேசிக்கொண்டார்கள்.

ஆர்லனுக்கு வாரம் இரண்டு நாள் தெற்கே ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி. வெர்னாதான் ஓட்டிக்கொண்டு போவாள். அன்றைக்கும் கேட் தூக்கியிருந்தது, பச்சை எரிந்தது. அவள் தண்டவாளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள். தான் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு ஆர்லனுக்காகக் காத்திருந்தாள்.

அவருக்கு இடது பக்கம் பார்ப்பது சுலபம். வலது பக்கம்தான் கஷ்டம். அந்தப் பக்கத்து உலகம் அவருக்குச் சுருங்கிப் போயிருந்தது. கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி திருப்ப வேண்டும்.

பின்னால் ஹாரன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தாள். பாதிரியார் ரூஸ்டாட். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து வண்டிகள். இன்னொரு ஹாரன், அப்புறம் எல்லாமும் சேர்ந்து.

வேட் நடந்து வந்து ஜன்னலைத் தட்டினார். அவருக்கே சங்கடமாக இருந்தது. "பச்சைக்கு நிக்கறது இப்ப குற்றம், வெர்னா. போன வாரம்தான் சட்டம் போட்டாங்க."

"தெரியும், வேட்."

"நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதிக்கோ."

வேட் கையில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். ஆர்லன் வலது பக்கம் இன்னும் பாதிதான் திரும்பியிருந்தார். வெர்னா எஞ்சினை அணைத்தாள்.